பூத்தும் காய்க்காத பிளம்ஸ் மரம்: பசியா, அஜீரணமா?

மே மாதத்தில் கொடைக்கானல் மலை ஏறிப் போகிறவர்களுக்கு ஏரி கண்ணில் படுமுன்பே சாலையோரக் கூடைகள் கண்ணில் பட்டுவிடும். கூடை நிறையக் குவிந்திருப்பது பிளம்ஸ் பழம். மேல் தோலில் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய வெண் படலம். விரலால் துடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பு. கடித்தால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு. சமவெளியிலிருந்து வந்த குடும்பம் வீட்டுக்கென்று இரண்டு கிலோ வாங்கி, மலை இறங்குவதற்குள் ஒரு கிலோவைப் பஸ்ஸிலேயே தீர்த்துவிடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும் இதே கதைதான்.

அதே மலையில், அதே பருவத்தில், சில வீட்டுக் கொல்லைகளில் வேறு ஒரு காட்சியும் உண்டு. கரும்பச்சை இலை அடர்ந்து, கூரைக்கு மேல் கிளை ஓங்கி, பார்க்கிறவர் கண் படும்படியாக மரம் நிற்கும். இலையை விலக்கித் தேடினால் பத்துப் பழம் இராது. வீட்டுக்காரரோ வருஷந்தோறும் தவறாமல் உரம் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

“இந்த வருஷமும் பார்த்தாயிற்று. பேசாமல் வெட்டிவிட்டு அந்த இடத்தில் நாலு பாத்தி கேரட் போடுங்களேன்” என்று வீட்டு அம்மாள் சொல்லிவிடுகிறார். மரத்தை வெட்டுவது அரை நாள் வேலை. ஆனால் அது இந்த உருவத்துக்கு வர எட்டு, பத்து வருஷம் ஆகியிருக்கும். கோடரியை எடுக்கும் முன்பு, மரத்துக்குப் பசியா அல்லது அஜீரணமா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மலை நாட்டுக் கொல்லைகளில் பட்டினியால் கெட்ட மரங்களைப் போலவே, அளவுக்கு மீறிய உபசாரத்தால் கெட்ட மரங்களும் நிறைய உண்டு.

வந்தேறிய விருந்தாளி

மலைக்காரர்கள் ஒருமை பன்மை பார்ப்பதில்லை. ஒற்றைப் பழமும் அவர்களுக்குப் ‘பிளம்ஸ்’தான். நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா என்று கேட்டால் தருகிற உலர்ந்த பழமும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஐரோப்பிய ஜாதி பிளம்ஸ் நீண்ட கடுங்குளிர் கேட்கும். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் ஒத்துக்கொண்டது பெரும்பாலும் ஜப்பானிய ஜாதி. பெயரில் ஜப்பான் இருந்தாலும் அதன் பிறப்பிடம் சீனம். குறைந்த குளிரில் உறங்கி எழும் சுபாவம் உடையதால் அது நம் மலைகளில் வேரூன்றிவிட்டது. ரூபியோ, ஹேல், கவியோட்டா என்றெல்லாம் இங்கே பெயர் சொல்லி நடுகிறார்கள்.

இந்த ஜப்பானிய ஜாதியைக் கொண்டு பல புதிய ரகங்களை உண்டாக்கியவர் அமெரிக்காவின் லூதர் பர்பாங்க். அவருடைய பெயர் பெற்ற ‘சாண்டா ரோசா’ ரகம் வெளிவந்தது 1906-ல். அதே 1906-ல்தான் இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை நம் ராணிப்பேட்டையில் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பழமும் உரமும் ஒரே வருஷத்தில் புறப்பட்டது வேடிக்கையான பொருத்தம்தான்.

கிளையில் எழுதியிருக்கும் கணக்கு

மரத்துக்குப் பசியா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. காசு செலவில்லை, ஓர் அளவு நாடா போதும்.

இலை உதிர்ந்த பிறகு ஒரு கிளையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கிப் பார்த்து வந்தால், ஓரிடத்தில் பட்டையைச் சுற்றி நெருக்கமான மெல்லிய வளையங்கள் தெரியும். போன வருஷம் நுனி மொட்டு உட்கார்ந்திருந்த இடத்தின் வடு அது. அந்த வளையத்திலிருந்து நுனி வரை உள்ள நீளம்தான் இந்த வருஷத்து வளர்ச்சி. ஒரு கிளையோடு நிறுத்தாமல், மரத்தின் நாலு பக்கமும் தோள் உயரத்தில் ஏழெட்டுக் கிளைகளை அளந்து பார்க்க வேண்டும். நட்டு மூன்று வருஷத்துக்கு உட்பட்ட இளங்கன்று இரண்டு முதல் மூன்று அடி வரை வளரலாம். அது உருவம் எடுக்கும் வயது. காய்க்கிற மரத்துக்கு முக்கால் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை போதும். அரை அடிகூட வளரவில்லை, இலையும் வெளிறிச் சிறுத்திருக்கிறது என்றால் பசி. இரண்டு அடிக்கு மேல் குச்சி குச்சியாகப் பாய்ந்திருக்கிறது என்றால் அஜீரணம். அந்த வருஷம் அந்த மரத்துக்கு யூரியா ஒரு பிடிகூட வேண்டாம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிளம்ஸ் மரம் பெரும்பாலும் காய்ப்பது பழைய கிளைகளில் ஒட்டினாற்போல் இருக்கும் குட்டைக் குச்சிகளில். தழைச்சத்து மிதமிஞ்சினால் மரம் அந்தக் குச்சிகளை மறந்துவிட்டு மேலே மேலே தளிர் விடும். மேலே இலை அடர்ந்தால் உள்ளே வெயில் புகாது. வெயில் படாத காய்க்கும் குச்சிகள் இரண்டு மூன்று வருஷத்தில் காய்ந்து உதிரும். பிறகு மரத்தின் பழமெல்லாம் உச்சாணிக் கிளையில்தான்; அது குரங்குக்கும் பறவைக்குமே எட்டும். போதாக்குறைக்கு இளந்தளிரைக் கண்டால் அசுவினிக்குக் கொண்டாட்டம். இலை சுருண்டு, பிசுபிசுத்து, எறும்பு ஏறத் தொடங்கும். வீட்டுக்காரரோ மரம் வாடுகிறதென்று எண்ணி இன்னும் ஒரு படி உரம் கொண்டுவந்து கொட்டுவார்!

இன்னொரு சங்கதியும் கவனிக்கத் தக்கது. மலையில் பலர் பிளம்ஸ் மரத்தடியை வீணாக்குவதில்லை. உருளைக்கிழங்கோ முட்டைக்கோசோ போடுகிறார்கள். அந்தப் பயிருக்கு இடுகிற உரத்தில் மரமும் பங்கு கேட்காமலா இருக்கும்? பாத்திக்கு வைத்த உரமும் மரத்துக்கென்று வைத்த உரமும் சேர்ந்துவிடுகின்றன. கிழங்கு தோண்டும்போது மண்வெட்டி வேரையும் வெட்டிவிடுகிறது. மேலே அளவுக்கு மீறிய தீனி, கீழே அறுந்த வேர். கொல்லையில் இடம் இருக்கிறவர்கள் காய்கறிப் பாத்தியை மரத்தின் நிழலுக்கு வெளியே தள்ளிப் போடுவதே நல்லது.

நீலப் பூ சொல்லும் சேதி

வளர்ச்சியும் குறைவு, இலையும் வெளிறல், ஆனால் உரம் மட்டும் ஒழுங்காகப் போகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். மழை மிகுந்த மலைச் சரிவில் சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடுவதால் மண் புளித்துப்போகிறது. உதகை, கொடைக்கானல் வீடுகளின் வாசலில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவைப் பாருங்கள். புளித்த மண்ணில் அது நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு உள்ள மண்ணில் இளஞ்சிவப்பாகும். ஒரே செடிதான், மண் மாறினால் நிறம் மாறுகிறது. வாசலில் பூ நல்ல நீலமாக இருந்தால் கொல்லை மண்ணும் புளிப்பு என்று கொள்வதில் பெரிய தவறு வராது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பொட்டலம் மண் அனுப்பிப் பார்க்கலாம். பிளம்ஸுக்கு இதமான கார அமில நிலை ஏறத்தாழ 6 முதல் 6.5 வரை.

புளித்த மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். இப்படிப்பட்ட மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவினால் பாதி மண்ணுக்கே போய்விடும். மரத்துக்குக் கிடைப்பது சொற்பம். அதனால் அதைப் பரவலாக வீசாமல், மட்கிய எருவோடு கலந்து குறுகிய பள்ளத்தில் இட்டு மூடுவது வழக்கம். எலும்புத் தூளும் ராக் பாஸ்பேட்டும் நேர் எதிர். புளித்த மண்ணில்தான் அவை மெல்ல மெல்லக் கரைந்து பலன் தரும். அவசரப்படாதவர்களுக்கு ஏற்ற உரம்.

புளிப்பை மாற்ற டோலமைட் மலைக்குப் பொருத்தம்; சுண்ணாம்போடு மெக்னீஷியமும் அதில் இருக்கிறது. பத்தடி அகலம் படர்ந்த மரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். ஒரேயடியாக நாலு கிலோ கொட்டினால் இரும்புச் சத்து கிடைக்காமல் நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்ட கதைதான். அம்மோனியம் சல்பேட்டை வருஷக்கணக்கில் இட்டு வந்தவர்களின் மண் மேலும் புளித்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சுண்ணாம்பையும் சாணி எருவையும், அல்லது சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் கலந்து போடுவது பலரிடம் உள்ள வழக்கம். மூக்கை உறுத்துகிற நெடி எழும். அந்த நெடிதான் தழைச்சத்து. காசு கொடுத்து வாங்கியது காற்றோடு போகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். அடுப்புச் சாம்பலுக்கும் இதே விதிதான். வெந்நீர் அடுப்பில் விறகு எரிக்கும் வீடுகளில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இருப்பதால் புளித்த மண்ணுக்கு நல்ல மருந்து. வருஷத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ, மழை இல்லாத நாளில், தனியாகத் தூவிக் கிளறிவிட வேண்டும்.

எப்போது, எவ்வளவு, எங்கே?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளம்ஸ் மரம் கார்த்திகை வாக்கில் இலை உதிர்த்து உறங்கும். தை, மாசியில் இலைக்கு முன்னால் பூ வரும். சித்திரையிலிருந்து ஆனி வரை ரகத்துக்குத் தக்கபடி பழம். உயரத்தையும் அந்த வருஷத்துக் குளிரையும் பொறுத்துச் சில வாரம் முன்பின் ஆகலாம்.

இதில் பலர் அறியாத ரகசியம் ஒன்று உண்டு. தையில் விரியும் பூ, தையில் உண்டாவது அல்ல. போன கோடையிலும் அதற்கடுத்த மாதங்களிலும், பழம் பறித்து முடிந்து மரத்தை யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில்தான் அந்த மொட்டுக்குக் கரு கூடுகிறது. அப்போது இலை பசுமையாக நின்று வேலை செய்ய வேண்டும். பழம் தீர்ந்தவுடன் மரத்தைக் கைவிட்டுவிட்டு, பூக்கும் சமயத்தில் ஓடி ஓடி உரம் வைப்பது, பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் பையனுக்குப் பாதாம் பால் கொடுப்பதைப் போன்றது.

ஆகவே தீனியை நான்காகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பெருமழை ஓய்ந்து, கவாத்து முடிந்ததும் மட்கிய எரு, அதோடு மணிச்சத்து, சாம்பல் சத்து முழுவதும். பூ விரிவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தழைச்சத்தில் ஒரு பாதி. பிஞ்சு நின்ற பிறகு கால் பங்கு. பழம் பறித்து முடித்ததும் மீதிக் கால் பங்கு. ஆவணிக்குப் பிறகு தழைச்சத்து கூடவே கூடாது. அப்போது கிளம்பும் இளந்தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். உதகைப் பக்கம் உறைபனி விழுந்தால் அந்தத் தளிர் வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிப்போகும்.

அளவு? மரத்தின் வயதுக்கு ஒரு வருஷத்துக்கு நூறு கிராம் யூரியா என்பது மேல் வரம்பு. எட்டு, பத்து வயதுக்கு மேல் எவ்வளவு முதிர்ந்தாலும் வருஷத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. பொட்டாஷும் ஏறத்தாழ அதே கணக்கு. சூப்பர் பாஸ்பேட் அதைப் போல் ஒன்றரைப் பங்கு. இது எரு எதுவும் போடாதவருக்கு. எருப் போடுகிறவர் கழித்துக்கொள்ள வேண்டும். நன்றாக மட்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் தழைச்சத்து என்றாலும், இருபத்தைந்து கிலோ கூடையில் நூற்றிருபத்தைந்து கிராம் வந்துவிடுகிறது. அது கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவுக்குச் சமம். எல்லாம் முதல் வருஷமே கிடைக்காது. மெதுவாகக் கிடைப்பதே அதன் சிறப்பு.

ரசாயன உரமே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் மூட்டை சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒரு கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்து வேண்டுமானால் கடலைப் புண்ணாக்கு ஆறரைக் கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஒன்பது கிலோ வாக்கில் தேவைப்படும். வேப்பம் புண்ணாக்குக்கு மண்ணில் உள்ள புழுக்களை ஓரளவு அடக்கும் குணமும் உண்டு. பச்சைச் சாணியை மட்டும் மரத்தடிக்குக் கொண்டுபோகக் கூடாது. அது சூடு கிளப்பி வேரைப் பொசுக்கும். வண்டு அதில் முட்டையிட்டு, பருத்த வெள்ளைப் புழு பெருகி வேரைத் தின்னும். ஆறு மாதம் குவித்து வைத்து, சாணி வாசனை போய் மண் வாசனை வந்த பிறகே எடுக்க வேண்டும்.

உரத்தை அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவது எல்லா ஊரிலும் உள்ள தவறு. அங்கே இருப்பது மரத்தைத் தாங்கும் தடித்த வேர். சாப்பிடுகிற வேர் அல்ல. மதிய வெயிலில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ, அந்த விளிம்பை ஒட்டி உள்ளும் புறமுமாக இருப்பதுதான் பசி தீர்க்கும் சல்லி வேர். மேல்மண்ணில் ஓர் அடி, ஒன்றரை அடி ஆழத்துக்குள்ளேயே அது படர்ந்திருக்கும். ஆகையால் ஆழமாகத் தோண்டக் கூடாது. நாலு விரல் ஆழம் கிளறி, இட்டு, மூடினால் போதும். மண் ஈரமாக இருக்க வேண்டும்; மழை கொட்டுகிற நாளாக இருக்கக் கூடாது.

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத சங்கடம் ஒன்று மலையில் உண்டு. கொல்லையே சரிவாக இருக்கும். வட்டமாகப் பாத்தி கட்டினால் முதல் மழைக்கே உரம் அடுத்த வீட்டுத் தேயிலைக்குப் போய்ச் சேரும். எனவே மேட்டுப் பக்கம் பிறை வடிவில் ஆழமில்லாத பள்ளம் எடுத்து அதில் இட வேண்டும். கரைந்து இறங்கும் சத்து மரத்தடி வழியாகத்தானே போயாக வேண்டும்! பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கி ஒரு சிறு கரை போட்டால் மண்ணும் நிற்கும். அதன் மேல் காய்ந்த இலை, புல் கொண்டு மூடாக்கு. மூடாக்கு அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விலகி நிற்க வேண்டும். தொட்டால் பட்டை அழுகும்.

பசியும் இல்லை, அஜீரணமும் இல்லை என்றால்?

வளர்ச்சி அளவாக இருக்கிறது, தையில் மரம் வெள்ளை வெளேரென்று பூக்கிறது, ஆனால் பிஞ்சு நிற்பதில்லை என்றால் எந்த உரமும் பயன் தராது. ஜப்பானிய ரகங்களில் பல, தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. துணைக்கு வேறு ரகம் அருகில் வேண்டும்; அதுவும் அதே சமயத்தில் பூக்க வேண்டும். ஒரே ஒட்டிலிருந்து வந்த இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் அவை ஒன்றே. பல வருஷமாகக் காய்த்து வந்த மரம் திடீரென்று நின்றுபோனால், அடுத்த வீட்டுக்காரர் தம் மரத்தை எப்போது வெட்டினார் என்று விசாரிப்பது நல்லது. பாதி மர்மம் அங்கேயே விளங்கிவிடும்.

புதுக் கன்று நட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், வேறு ரகத்தின் குச்சி ஒன்றை அந்த மரத்திலேயே ஒட்டுக் கட்டலாம். அந்த வருஷத்துக்கே பலன் வேண்டுமானால், வேறு ரகத்தின் பூத்த கிளைகளை வெட்டி வந்து, தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து மரத்தில் தொங்கவிடுவதும் உண்டு. தேனீ மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூடுபனியும் தூறலும் விடாத வருஷத்தில் தேனீ வெளியே வராது. அந்தக் குறைக்கு யாரையும் நொந்து பயனில்லை. பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிப்பது மட்டும் நம் கையில் உள்ள குற்றம்.

பட்டையில் பச்சையும் சாம்பலுமாகப் பாசி படர்வதைப் பார்த்துப் பலர் பயந்து சுரண்டிவிடுகிறார்கள். அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவது அல்ல. மலைக் காற்றின் ஈரத்தில் வாழ்வது. சுரண்டுவதால் பட்டைதான் புண்ணாகிறது. பிசின் வடிவது வேறு விஷயம். துளைப்பான் புழு, காயம், அழுகல், நீர் தேங்கல் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும்; அதைத் தேடிப் பிடிக்காமல் உரம் கூட்டினால் நோய்க்கே தீனி போட்டதாகும்.

எல்லாம் சரியாக அமைந்து, மரம் கிளை தெரியாமல் காய்த்துவிட்டால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பிஞ்சு கோலிக்குண்டு பருமன் வந்ததும், மூன்று நாலு அங்குலத்துக்கு ஒன்று வீதம் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். இவ்வளவு காலம் காத்திருந்த வீட்டுக்காரருக்கு இது மனம் வராத காரியம்தான். ஆனால் அத்தனையும் விட்டுவைத்தால் பழம் நெல்லிக்காய் அளவில் நின்றுவிடும்; பாரம் தாங்காமல் கிளை முறியும்; அடுத்த வருஷத்துக்கு மொட்டுக் கட்டவும் மரத்தில் தெம்பு மிச்சம் இராது. கிள்ளிய பிஞ்சை மலையில் சில வீடுகளில் ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். உப்பும் மிளகாய்ப் பொடியும் போட்டால் மாவடுவுக்குச் சளைத்ததல்ல.